காரைக்குடியில் ஒரு சலூன்: அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெஞ்சு

காரைக்குடி பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருக்கிறது இந்தச் சலூன். மூன்று நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி, நீளமான ஒரு தேக்குப் பெஞ்சு, மேலே இரண்டு ஃபேன். ஏசி கிடையாது. முடி வெட்ட 130 ரூபாய், ஷேவிங் 60, பள்ளிப் பிள்ளைகளுக்கு 100. நூறடி ரோட்டு ஏசி சலூன்களில் இதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம். ஊர்ல அண்ணன் இன்னும் கடை வச்சிருக்கு" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை.

ஆண்கள் சலூனைப் பற்றி ஒரு பெண் எழுதுவது சிலருக்குப் புதிதாக இருக்கலாம். என் அப்பாவையும் ஒன்பதாவது படிக்கும் மகனையும் இங்கே கூட்டி வருவது நான்தான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறார். பெஞ்சில் இருக்கும் எனக்குக் கடை முழுவதும் தெரிகிறது.

முதலில் வேலை. பிளேடை நம் கண் முன்னால் உறையிலிருந்து எடுத்து, இரண்டாக உடைத்து, கத்தியில் மாட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். கழுத்தைச் சுற்றி முதலில் டிஷ்யூ, அதற்கு மேல்தான் துணி. துவைத்து மடித்த துணி ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. சீப்பு, கத்தரிக்கோல் எல்லாம் டெட்டால் தண்ணீரில் கிடக்கின்றன. ஷேவிங் முடிந்தால் படிகாரம் தேய்த்துவிடுவார்கள், கேட்டால்தான் லோஷன். என் மகன் ஃபேட் கட் வேண்டும் என்று ஃபோனில் ஒரு கிரிக்கெட்காரர் படத்தைக் காட்டினான். அவன் பள்ளியில் அதற்கு அனுமதி இல்லை. கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "சைடுல மூணாம் நம்பர் மெஷின் போடுறேன் தம்பி, மேல கொஞ்சம் விட்டுடறேன். தண்ணி தொட்டுச் சீவினா எச்.எம். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. லீவுல வா, நீ கேட்டதை வெட்டுறேன்" என்றார். பையனுக்கும் திருப்தி, பள்ளிக்கும் சரி. இப்படி இரண்டு பக்கமும் யோசித்து வெட்டுகிறவர் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் நான் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் அப்பா.

அப்பா ஊரிலேயே இருக்கிறார், எங்கள் காலனி வீட்டில். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் வருவார். முதல் தடவை இந்தக் கடைக்குக் கூட்டி வந்தபோது, நாற்காலிக்குக் கூப்பிட்டதும் மஞ்சள் பையிலிருந்து தன் துண்டை எடுத்து நீட்டினார், தனக்குப் போர்த்துவதற்கு. கடைக்காரர் அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, அலமாரியிலிருந்து துணியை எடுத்து உதறி, "உக்காருங்கய்யா" என்று போர்த்தினார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர்ச் சலூனில் அப்பாவுக்கு முடி வெட்டியதே இல்லை. "முடியாது" என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். போனால் "கத்தி சாணை பிடிக்கப் போயிருக்கு" என்பார்கள், "கரண்ட் இல்ல, சாயங்காலம் வா" என்பார்கள். சாயங்காலம் போனால் கடை பூட்டியிருக்கும். அதனால் காலனியில் ஒரு பெரியப்பா எல்லோருக்கும் வேப்பமரத்தடியில் வெட்டிவிடுவார். கல்யாணம் காட்சி என்றால் மட்டும் தேவகோட்டைக்குப் போவார்கள். அங்கே எந்த ஊர் என்று கேட்டால் வேறு ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லி அப்பத்தா அனுப்புமாம். என் தம்பி தலைமுறை வரை இதுதான் நடந்தது. இப்போது பைக் வந்துவிட்டது, பையன்கள் காரைக்குடிக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் ஊர்ச் சலூனில் பிரச்சினை எதுவும் இல்லை என்று பேர். போகாத இடத்தில் பிரச்சினை எப்படி வரும்?

இது வெறும் முடி விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நம் சிவகங்கைப் பகுதியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, 1985இல்தான் பிரிந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் அதன் ஆணையர் ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலே துணி போர்த்தக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அடுத்த ஜூனில் தடைகள் பதினொன்று ஆயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும், நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக் கூடாது என்பதும், கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது என்பதும் அதில் வந்தன.

அந்தப் பட்டியலை நான் ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது வாசித்தேன். எனக்கு அதில் உறைத்தது, தலைமுடியும் வயலும் பள்ளிக்கூடமும் கல்யாண மேளமும் ஒன்றாக நிற்பதுதான். எழுதியவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. கிராப்பு வெட்டி, சட்டை போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு ஒருவன் தேவகோட்டைக் கடைத்தெருவில் நடந்தால் அவன் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் கடையில் உட்கார்ந்துவிடுவான், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிடுவான், பிறகு வயலுக்கு அவர்கள் சொல்லும் கூலிக்கு வர மாட்டான். ஒரு கதவு திறந்தால் மற்றவை தானாகத் திறக்கும் என்றுதான் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்தார்கள்.

சட்டத்தை எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. கடைகளுக்குள் நுழையும் உரிமையைப் பற்றி 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் பேச்சு வந்தபோது, கடை என்பது உள்ளே நுழைவதற்கு மட்டுமான இடம் அல்ல, அங்கே தரப்படும் சேவையும் சேர்ந்ததுதான் என்று அம்பேத்கர் விளக்கினார். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தில், அதாவது இன்றைய குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், கடை என்பதன் விளக்கத்திலேயே சலவைக் கடையும் முடி திருத்தும் சலூனும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் "கத்தி சாணைக்குப் போயிருக்கு" என்ற பதிலை யாரும் வழக்காக்க முடியவில்லை.

இனி கடைக்காரர் பக்கம். இவருடைய அப்பா எங்கள் ஊரைப் போன்ற இன்னொரு ஊரில் முடி வெட்டியவர். களத்தில் நெல் வாங்கிக்கொள்வார், கையில் காசு வராது. சாவு விழுந்தால் சங்கு ஊதுவதிலிருந்து காரியம் வரை ஓட வேண்டும். அவர் அம்மா அந்த ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். இத்தனை செய்தும் அவர்கள் வீடு ஊரின் ஓரத்தில்தான். இவர் தலையெடுத்துச் சின்னதாக ஒரு சலூன் போட்டார், இடம் ஊர்ப் பொது இடம். "ஒரு காலனிப் பையன், காலேஜ் இண்டர்வியூவுக்குப் போகணும்னு வந்தான். வெட்டிவிட்டேன் டீச்சர். அடுத்த வாரம் கூப்பிட்டு, இடம் வேணும், காலி பண்ணிக்கன்னாங்க. அடிக்கல, திட்டல. காலி பண்ணிக்கன்னாங்க, அவ்வளவுதான்." அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார், ஊர் சொன்னபடி கடை நடத்துகிறார். இவர் நகையை அடகு வைத்து இங்கே வந்தார்.

எங்கள் ஊர்ச் சலூன்காரர் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்து கோபம் உண்டு. அது போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இடமும் வருமானமும் வீடும் ஒரே ஆட்கள் கையில் இருக்கும்போது, கத்தி அவர் கையில் இருந்து என்ன பயன் என்று இப்போது புரிகிறது.

அந்தத் தேக்குப் பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன அல்லவா, பெரிய வீடுகளை இடிக்கும்போது வரும் தூண், கதவு, பீங்கான் எல்லாம் விற்பார்கள். அங்கே வாங்கியது. அந்த மாதிரி வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். என் அம்மாச்சி ஒரு பெரிய வீட்டில் பல வருஷம் நெல் புடைத்தது, அதுக்கு முகப்பு எப்படி இருக்கும் என்றே தெரியாது. அப்படி ஒரு வீட்டு முகப்பில் கிடந்த பெஞ்சுதான் இங்கே வரிசை. டோக்கன் எதுவும் இல்லை. கடைசியாக வந்தவர் வாசல் ஓரத்தில் உட்கார வேண்டும், ஒருவர் எழுந்து நாற்காலிக்குப் போனால் எல்லோரும் ஓர் இடம் நகர வேண்டும். லோடுமேன், கல்லூரி வாத்தியார், பழக்கடைக்காரர், பாய், எங்கள் அப்பா எல்லோரும் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். முன்னால் தாண்டிப் போக வழியே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர், அப்பாவை அடையாளம் தெரிந்துவிட்டது. காலி இடம் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. உட்காரவில்லை. "எனக்கு அவசரம், சட்டுன்னு ஷேவிங் மட்டும் பண்ணிவிடு" என்றார். கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்தாமல், "பெஞ்சு வரிசைதாண்ணே, உக்காருங்க, அரை மணி நேரம்" என்றார். அவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் ஃபோன் பேசினார், பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா எழுந்து நின்றே விட்டார், "நான் வேணா பெறகு வாறேன் தம்பி" என்று. "நீங்க உக்காருங்கய்யா" என்றார் கடைக்காரர். அப்புறம் என்னிடம், "போனா போறாரு டீச்சர். இங்க வாடகை நான் கட்டுறேன்ல" என்றார்.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். காரைக்குடிக்காரர்கள் எல்லோரும் சாதியை விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. வீடு வாடகைக்குத் தேடும்போது எங்களிடம் "சொந்த ஊர் எது, அங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கடையின் இடம் ஒருவருடையது, வாடிக்கையாளர்கள் நூறு தெருவிலிருந்து வருகிறார்கள், கடைக்காரரின் பிள்ளைகள் படிப்பது வேறு எங்கோ. ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் அவர் கையில் கடையின் வாடகையும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதனால் கடைக்காரரால் "வரிசைதாண்ணே" என்று சொல்ல முடிகிறது.

கிராமத்தில் அப்படி இல்லை. நான் வேலை பார்க்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது காலனிப் பிள்ளைகள் மட்டும்தான் படிக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் காலையில் வேன் ஏறிவிடுகிறார்கள். யாரையும் கேட்டுப் பாருங்கள், "வேன் வாசல்லயே வருது, இங்கிலீஷ் மீடியம், அதான்" என்பார்கள். தண்ணீர்த் தொட்டி ஏன் தனித்தனி என்றால் "அவங்கவங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு" என்பார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை போய் எல்லோருக்கும் பேப்பர் கப் வந்துவிட்டது, ஆனால் உள்ளே பெஞ்சில் யார், வெளியே திட்டில் யார் என்பது மாறவில்லை. நூறு நாள் வேலையில் அவர்களுக்கு ஒரு கண்மாய், எங்களுக்கு ஒரு வரத்துக்கால். சுடுகாட்டுப் பாதை வேறு. தனித்தனியாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஒரு பிள்ளையோடு காலையிலிருந்து ராத்திரி வரை கூடவே நடந்து பார்த்தால்தான் தெரியும், அவள் ஒரு நாள் முழுக்க ஊர்ப் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் ஒரு நிமிஷம் கூட உட்காரவில்லை என்று. ஆறாவதில் உயர்நிலைப் பள்ளியில்தான் முதன்முதலில் சேர்ந்து உட்காருகிறார்கள். அதற்குள் யார் யாரோடு உட்கார வேண்டும் என்று இரண்டு பக்கமும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. தொட்டியைப் பற்றி விசாரிக்கத்தான் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் போனார்கள். போன இடத்தில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் விடுவதில்லை என்பதும் சேர்ந்தே வெளியே வந்தன. அன்றே கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள், டீக்கடைக்காரர் மேல் வழக்குப் போட்டார்கள். தண்ணீர், டீ, சாமி மூன்றும் ஒரே ஊரில் ஒரே பயணத்தில் பிடிபட்டன. எங்கே ஒன்றைத் தோண்டினாலும் மற்றவை வேரோடு சேர்ந்துதான் வரும்.

வீட்டை மட்டும் கலந்து வைத்தால் போதுமா? 1997இல் தொடங்கிய பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் நாற்பது வீடு தலித் மக்களுக்கு, மீதி மற்ற வகுப்பினருக்கு என்று கலந்து கொடுத்தார்கள். நல்ல திட்டம், இன்னும் நிறைய வர வேண்டும். என்னோடு படித்த தோழி அப்படி ஓர் இடத்தில் வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தேன் என்பாள். ஆனால் திருவிழா வந்தால் ஒவ்வொரு வீடும் தன் பழைய ஊருக்குப் போய்விடும், கல்யாணப் பேச்சும் அங்கேதான் நடக்கும் என்பாள். குழம்புவரை வந்தது அதற்கு மேல் வரவில்லை.

இந்தச் சலூனிலும் அப்படி ஒன்று உண்டு, சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பெஞ்சில் எல்லோரும் கலந்திருக்கிறார்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்று வெட்டுபவர்கள் மூன்று பேரும் ஒரே சாதி, கடைக்காரரும் அவர் மச்சானும் சித்தப்பா மகனும். வேறு சாதிப் பையன் யாராவது வேலை கற்க வந்தானா என்று கேட்டேன். "நூறடி ரோட்டு ஏசி கடைக்குப் போவாங்க டீச்சர், ஸ்டைலிஸ்ட்னு பேட்ஜ் குத்திவிடுவாங்க. இங்க வந்தா வீட்டுல செருப்பால அடிப்பாங்க" என்றார். அவர் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், கடைப் பக்கமே விடுவதில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்தத் தொழிலைப் பிறப்பால் வந்த சுமையாக இல்லாமல் விரும்பிக் கற்க ஒரு பையன் வரும் நாளும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இவர் கை அவ்வளவு நல்ல கை.

மற்ற குறைகள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏழரைக்குத் திறக்கிறார்கள், எட்டுக்குள் போய்விடுங்கள். செவ்வாய் விடுமுறை. சித்திரை, வைகாசியில் உள்ளே புழுக்கம் தாங்காது, பிள்ளைகளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். ஜிபே உண்டு. குடிக்கத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே சொம்பு. கழிப்பறை இல்லை. டிவியில் நாள் முழுக்கச் செய்தி ஓடுகிறது, சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள்.

அரை மதிப்பெண்ணைக் குறைத்தது வாசல் படிக்காக. தெருவிலிருந்து இரண்டு உயரமான படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்பா வயதுக்காரர்கள் சுவரைத் தடவித்தான் ஏறுகிறார்கள். ஒரு பைப்பாவது வைத்துக் கைப்பிடி போடுங்கள் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறார். போட்டதும் ஐந்தாக மாற்றிவிடுகிறேன்.